ஆணி அம்மாவின் திடீர் அன்பு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் வீட்டுக்காரம்மா ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் ஆணிப் பொட்டலமுமாக மாடியிலிருந்து இறங்கி வந்து நின்ற இடத்தில் விட்டிருந்தோம். அந்தச் சுத்தியல் இன்னும் தையல் மெஷின் பக்கத்திலேயே கிடக்கிறது. தையல்காரி அதைத் தொடவில்லை. தொட்டால் கடித்துவிடும் என்பதுபோல அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கீழ்வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருக்கும் குடும்பம் இது. அவள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். கணவன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். ஒரே மகள், வாய் நீளத்தை முன்னிட்டு அவளுக்கு வாலு என்று பெயர் நிலைத்துவிட்டது. மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. குடிவந்த முதல் நாள் அவர் சொன்ன முதல் வார்த்தையே "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பதுதான். அன்றிலிருந்து வாலுவுக்கு அவர் ஆணி அம்மா.

ஆறு வருடத்தில் ஆணி அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. கெட்ட வார்த்தையும் வந்ததில்லை. எதிரே பார்த்தால் தலையை அசைத்து "சரி" என்பார். அந்த "சரி"யிலேயே ஆறு வருடம் நிம்மதியாக ஓடியிருந்தது.

அப்படிப்பட்டவர் திடீரென்று தைக்கிற அறைக்குப் புது மின்விசிறி வாங்கி மாட்டினார். வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு, யாரும் கேட்காமலே ஆள் கூட்டி வந்தார். கடைசியில் அந்தச் சுத்தியல். "உங்க பொண்ணு வரைஞ்ச படமெல்லாம் மாட்டுங்க. வீட்டை நல்லா வச்சிருக்கீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரி அன்றிரவே கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கணவன்தான் அதற்கு அர்த்தம் சொன்னான். காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள். அடுத்து வருகிறவனுக்கு வீட்டைத் தயார் செய்கிறார்கள். நம்மை வைத்துக்கொண்டே செய்கிறார்கள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லப்போகிற வார்த்தை கசப்பானது என்பதால்தானே இத்தனை இனிப்பு. வேறு வீடு என்றால் வேறு தெரு. வேறு தெரு என்றால் அவளைத் தேடி நடந்து வருகிற வாடிக்கைக்காரர்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள். வாலுவின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தால் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமையிலிருந்து கணவன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். சாப்பாட்டில் கை வைப்பான், பிசைவான், எழுந்துவிடுவான். மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மாதான்.

வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டு ஒன்று இருக்கிறது, நீளமாக இருக்கிறது, மடித்துத் தைக்கவேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். கொண்டுவரவில்லை. மேலேயே வந்து உட்கார்ந்து கையாலேயே தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, போகவேண்டியதுதானே, போகாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு வேற வேலை இருந்தா பரவாயில்ல" என்றார். உடனே, "வந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

"வர்றேன் மேடம்" என்று சொல்லி அனுப்பினாள் தையல்காரி. திரும்பினால் கணவன் பின்னால் நிற்கிறான். பாதி முகத்தில் சவர சோப்பு. மீதி முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"போகாதே" என்றான்.

ஏன் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எதற்கு வேலை என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுக்கிறவனே அவன்தான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான். டிப்போவில் வேனைக் கழுவவேண்டும் என்று முணுமுணுத்தான், சோப்பைத் துடைத்தான், சட்டையை மாட்டினான், ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

காலி பண்ணு என்று சொல்வதைக் காதால் கேட்கப் பயந்துகொண்டு ஓடுகிறார் என்று அவள் முடிவுகட்டினாள். வாலுவை இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குண்டூசி டப்பாவோடு மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் தயார் செய்தாள். 'ஒரு ஆறு மாசம் டைம் கொடுங்க மேடம்.' 'பள்ளிக்கூடம் லீவு விடற வரைக்குமாவது.'

வாசல் கதவில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள் இருந்தன. மரத்தூள்கூட இன்னும் துடைக்கப்படவில்லை.

உள்ளே போனதும் வீட்டுக்காரம்மா இரண்டையும் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டையும் எடுத்துவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தார். டீ கொண்டுவந்து வைத்தார். அழுகிற கைக்குழந்தையின் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவர் என்று தெருவில் பேர். அவர் கொண்டுவந்த டீயில் பாதி தட்டில் கிடந்தது.

தையல்காரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"எப்ப காலி பண்ணணும்னு சொல்லிடுங்க மேடம். தினம் தினம் பயந்து சாக முடியல."

வீட்டுக்காரம்மா அவளைப் பார்த்தார். புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. புரிந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காலியா? நீங்க எங்க போயிடுவீங்களோன்னு நான்ல பயந்துக்கிட்டிருக்கேன்."

அப்புறம் சொன்னார். துண்டு துண்டாக, கோட்டை மடியில் வைத்து மடித்தும் பிரித்தும், வாசலைப் பார்த்துக்கொண்டும் சொன்னார்.

அவருக்குக் கணவன் உண்டு. செத்துப்போனவர் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. தையல்காரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இருக்கிறார். இவர்கள் குடிவருவதற்கு முன்பே பிரிந்து போனவர். குடிகாரர் இல்லை, கத்துகிறவர் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். வேலைக்குப் போகும்போது மனைவியைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாயங்காலம் வந்து திறந்து, "பசிக்குதா?" என்று கேட்கிறவர். அதைச் சொன்னபோது வீட்டுக்காரம்மா இடது கையின் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டார். அது வளைந்திருந்தது. கதவிடுக்கில் வைத்து மூடியது என்று மட்டும் சொன்னார். யார் மூடியது என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால், பரிசோதனை நிலையத்தின் காலை நேரக் கூட்டத்தில், அவர் எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கணவர்தான். "எடு" என்றார்.

"எடுத்தேன்" என்றார் வீட்டுக்காரம்மா. "ஒரே குத்துல எடுத்துட்டேன். பஞ்சு வச்சு அழுத்திவிட்டேன். 'ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்'னு சொல்லிட்டுப் போனார். நேத்து போன் பண்ணி, இன்னிக்குன்னு சொன்னார்."

தையல்காரி டீயைக் கீழே வைத்தாள். போலீசில் சொல்லலாமே என்றாள்.

என்னவென்று சொல்வது என்று கேட்டார் வீட்டுக்காரம்மா. ரத்தம் எடுத்துக்கொள்ள வந்தார் என்றா? எங்கேயாவது போய்விடலாம் என்றால், இன்றைக்கு இல்லாவிட்டால் தனியாக இருக்கிற இன்னொரு நாள் வருவார். அதற்கு இன்றைக்கே வந்துவிடட்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தைச்சுக்கிட்டு இருங்க, போதும். கூட இருங்கன்னு கேக்கணும். எனக்கு அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்ல. அதான் மின்விசிறி வாங்கினேன்."

தையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வாரமாக மாடியிலும் கீழேயும் இரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. கேட்கத்தான் தெரியவில்லை.

"நீங்க கோட்டைப் போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றாள். "நான் கீழ உட்கார்ந்து ஓரம் மடிக்கிறேன்."

அவள் மண்டியிட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, இரண்டாவது ஊசியைக் குத்திக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரம்மாவின் முழங்கால் இறுகியது.

"கேட்டைத் திறந்துட்டார்" என்றார் மெதுவாக, ஜன்னல் வழியாகப் பார்த்தபடி.

சத்தம் எதுவும் கேட்கவில்லையே என்று தையல்காரி நிமிர்ந்தாள். அதுதான் விஷயம். அந்த இரும்பு கேட் யார் தொட்டாலும் ஊரைக் கூட்டும். லேசாகத் தூக்கிப் பிடித்துத் திறந்தால் மட்டும்தான் சத்தம் போடாது. அது அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

படியில் காலடி கேட்டது. அவசரமே இல்லாத காலடி.

ஒருக்களித்திருந்த கதவு திறந்தது. இஸ்திரி கலையாத சட்டை, படிய வாரிய நரைமுடி, கையில் ஒரு பெட்டி. மளிகைக் கடையில் நமக்கு முன்னால் நிற்கும் நல்ல மனிதர் போல இருந்தார். பெட்டியைச் சுவரோரம் வைத்தார். தங்குவதற்கு வந்தவர் வைக்கிற மாதிரி, நகர்த்திச் சரிபார்த்து வைத்தார்.

"யாரு இவங்க?" என்றார், தையல்காரியைப் பார்த்து.

"கீழ்வீட்டுல இருக்காங்க."

"ஓ." அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "நான்தாம்மா வீட்டுக்காரர்."

தையல்காரி வாயில் குண்டூசிகளோடு தலையை அசைத்தாள்.

"எனக்கு வீட்டுக்காரர்" என்றார் வீட்டுக்காரம்மா. குரல் காற்றுப்போல வந்தது, ஆனால் வந்துவிட்டது. "இந்த வீட்டுக்கு இல்ல. வீடு என் பேர்ல இருக்கு."

வந்தவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார். "வேலை முடிஞ்சு அவங்க போகட்டும். நான் காத்திருக்கேன். எனக்கென்ன அவசரம்?"

அப்போதுதான் தையல்காரிக்கு விளங்கியது. ஓரத்தைத் தைத்து முடித்து நூலை அறுத்தால் அவள் எழுந்திருக்கவேண்டும். எழுந்தால் கீழே போகவேண்டும்.

அவள் தைத்தாள். இதைவிட மெதுவாக அவள் வாழ்நாளில் தைத்ததில்லை. ஒரு பக்கம் முடிந்ததும், சரியாக வரவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடி பிரித்தாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கப் பயமாக இருந்தது. கையை எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வாரோ என்று.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஜன்னல் திரை மாறிவிட்டதே என்றார். மனைவி இளைத்துப்போயிருக்கிறாள் என்றார். தனக்கும் வயதாகிறது, இனி இங்கேதான் இருக்கப்போகிறேன் என்றார். கீழ்வீட்டை ஒழித்துத் தன் சாமான்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். எல்லாமே விருந்தாளிப் பேச்சு போலத்தான் இருந்தது. நடுவில், அதே குரலில்,

"அதே இடத்தை மூணாவது தடவையா தைக்கிறீங்க" என்றார்.

தையல்காரியின் விரலில் ஊசி ஏறியது. வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு ரத்தம் பரவியது. அவள் அதைக் கட்டைவிரலால் மறைத்தாள்.

மேலே நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டார். தினமும் ரத்தம் பார்க்கிறவர்தான். அந்த ஒரு பொட்டைப் பார்த்ததும் என்ன ஆயிற்றோ, கையைக் கீழே நீட்டி, தையல்காரியின் தோளில் வைத்தார்.

"கீழ்வீட்டை யாரும் ஒழிக்கப்போறதில்ல" என்றார். "ஆறு வருஷமா ராத்திரி கீழ மெஷின் ஓடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியும். இவங்க இருக்கிறதாலதான் நான் இந்த வீட்டுல இருக்கேன். அது இவங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப உங்க எதிர்ல சொல்றேன்."

தையல்காரி உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் கையில் குத்திக்கொண்டாள். பேசுவதற்கு வாய் காலியாகவேண்டுமே.

"இந்தக் கோட்டு இன்னிக்கு முடியாதுங்க" என்றாள். "நாளைக்கும் முடியாது. நான் இங்கதான் இருப்பேன். அக்காவைத் தனியா விட்டுட்டுப் போறதா இல்ல."

அக்கா என்று எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.

வந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை, எடுத்த இடத்திலேயே, ஒரு சத்தமும் இல்லாமல் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"சரி. உனக்கு நேரம் இருக்கும்போது வர்றேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

தையல்காரி அவர் பின்னாலேயே இறங்கினாள். கேட்டைப் பூட்டாவிட்டால் நெஞ்சு அடங்காது போலிருந்தது. வெளியே போனவர் திரும்பி, கம்பிகளுக்கு நடுவே முகத்தைக் கொண்டுவந்தார்.

"உங்க வீட்டுக்காரரைக் கேட்டதாச் சொல்லுங்கம்மா. வியாழக்கிழமை டிப்போவுல பார்த்தோம். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன், எதைக் கேட்டாலும் சொல்றார்."

பூட்டு அவள் கையில் அப்படியே நின்றது. அவர் நிழல் பார்த்து ஒதுங்கி, தெருவோரமாக நடந்துபோனார்.

கணவன் மத்தியானத்துக்கு மேல் வந்தான். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை என்று மட்டும் சொன்னாள்.

மென்று விழுங்கிச் சொன்னான். ஒரு பெரிய மனிதர் டிப்போவுக்கு வந்தார். வீட்டுக்காரம்மாவின் கணவர் என்றார். இவ்வளவு நாள் வெளியூரில் இருந்தாராம், இனிமேல் வீட்டைப் பார்த்துக்கொள்ளப்போகிறாராம். காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இருந்தவனுக்குத் தெய்வமே நேரில் வந்த மாதிரி இருந்தது. நீங்கள் தாராளமாக இருக்கலாம் என்றார் அவர். அதைக் கேட்ட சந்தோஷத்தில் இவன் டீ வாங்கிக் கொடுத்தான். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அம்மா எத்தனை மணிக்கு வருவார், எந்த வழியாக வருவார், யாராவது வந்து போகிறார்களா.

"கேட்டுக்கிட்டே இருந்தார். ஒரு நல்லது கெட்டது விசாரிக்கல. நேரம் மட்டும் கேட்டார்" என்றான். "வீட்டுக்கு வந்து படுத்தப்பதான் எனக்கு உறைச்சுது. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"எனக்குப் பயந்தீங்களா?"

"அவருக்கும் பயந்தேன். உனக்கும் பயந்தேன். இந்த வீடு போயிடுமோன்னு அதுக்கும் பயந்தேன்."

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது. மாடியில் ஒரு பெண், இவர்கள் இருக்கிற தைரியத்தில்தான் இருக்கிறேன் என்று இப்போதுதான் சொன்னார். இவன் அவருடைய வரவு போக்கை டீயோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்திருக்கிறான். இதைச் சொன்னால் இனி நிஜமாகவே வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கும். சொல்லாமல் இருந்தால் அந்த மாடிப்படியை ஏறவே முடியாது.

"வாங்க" என்று எழுந்தாள். "நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்காரம்மா இன்னும் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. ஓரத்தில் பாதித் தையலும் குண்டூசியுமாக அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே, தரையைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

முடிந்ததும், "வேற என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அவன் கை சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டது. தையல்காரி திரும்பி அவனைப் பார்த்தாள். இன்னும் இருக்கிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பின்படிக்கட்டு சாவி" என்றான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதற்காக, பின்சந்துப் பக்கம் திறக்கிற பின்படிக்கட்டுக் கதவின் சாவி ஒன்று கீழ்வீட்டில் எப்போதும் இருக்கும். அந்தப் படிக்கட்டு போகிற வழியில்தான் மாடிச் சமையலறையின் கதவு. அதன் தாழ்ப்பாள் ஆடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"மனைவி முன்னாடி திடீர்னு போய் நின்னு சந்தோஷப்படுத்தணும்னார். சாவிக்கொத்துல இருந்து கழட்டிக் கொடுத்தேன். ஆனா திருப்பிக் கொடுத்துட்டாரு மேடம். டீக்கடையில என்னை உட்கார வச்சிட்டு, இப்ப வர்றேன்னு போனார். வந்து கொடுத்துட்டார்."

"எவ்வளவு நேரம் கழிச்சு?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"ஒரு அரை மணி நேரம் இருக்கும்" என்றான். டிப்போவுக்கு எதிர்வரிசையிலேயே சாவி செய்கிற கடை இருக்கிறது.

வீட்டுக்காரம்மா வாசல் கதவைப் பார்த்தார். இரண்டு புதுத் தாழ்ப்பாளும் பளபளவென்று மின்னின. வாசலுக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

கத்துவார் என்று தையல்காரி காத்திருந்தாள். போங்கள் என்பார், இரண்டு பேரும் என் கண்ணிலேயே முழிக்காதீர்கள் என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெல்ல எழுந்து கோட்டைக் கழற்றி, குண்டூசி குத்திவிடாமல் மடித்து, நாற்காலியில் போட்டார்.

"நீங்க இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் அவனிடம். "சொன்னதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

பிறகு அவர் தையல்காரியிடம் திரும்பினார். வீட்டுக்குச் சொந்தக்காரர், ஆறு வருடமாக "சரி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை செலவழிக்காதவர், வாடகைக்கு வீடு தேடி வந்தவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள், கீழ உங்க வீட்டுல எனக்கு ஒரு ஓரமா இடம் இருக்குமா?"

தையல்காரி உள்ளே போய் அவருடைய தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலத்துக்குள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். வாலு அன்றைக்கு அத்தை வீட்டிலேயே தங்கட்டும் என்று போனில் சொல்லியாயிற்று. போலீஸுக்குப் போன் செய்தான் கணவன். காலையில் நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பூட்டுக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தன. மாடிச் சமையலறைக் கதவுக்கு உள்ளே மேஜையை நகர்த்தி வைத்தான். கீழ்வீட்டுப் பின்கதவுக்குத் தையல் மெஷினையே இழுத்து முட்டுக் கொடுத்தான். முன்கதவையும் சாத்தித் தாழ்ப்போட்டார்கள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் தைக்கிற அறைத் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடுகிற மாதிரி இருந்தார்கள். புது மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. நல்ல மின்விசிறிதான் அக்கா என்றாள் தையல்காரி. கடைக்காரர் இரண்டைக் காட்டினார், இது சத்தம் போடாது என்று எடுத்தேன் என்றார் வீட்டுக்காரம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை. முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

தலைக்கு மேலே, மாடியில், ஒரு மேஜை தரையில் உரசி நகர்ந்தது. கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

அதற்குப் பிறகு சமையலறையிலிருந்து முன்னறைக்கு யாரோ நடந்துபோனார்கள். அவசரமே இல்லாமல்.

தையல்காரி எட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவன் மின்விசிறியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.